நான் அரத்தால் ராவிய எண்

பலெர்மோவில் பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் வேலை செய்கிறேன். சமைப்பேன், கூட்டுவேன், எண்பது வயது தாண்டிய வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவுக்கு நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பேன். அவருடைய கராஜில் பென்னம்பெரிய அமெரிக்கக் கார் ஒன்று நிற்கிறது. அமெரிக்காவில் உழைத்துவிட்டு வந்த அவருடைய தகப்பன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. இப்போது ஓட்டுவாரில்லை. அதைத் துடைப்பதும் என் வேலைதான்.

ஆயுத பூசைக்கு வாகனத்தைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்காவிட்டால் எங்கள் தமிழ் ஆட்களுக்கு மனம் ஆறாது. என்னிடம் ஒரு சைக்கிள்கூட இல்லை. அதனால் மூன்று வருடங்களுக்கு முன், சிஞ்ஞோராவிடம் கேட்டு அந்தக் காருக்கே பூசை வைத்தேன். எஞ்சின்தான் வண்டியின் உயிர், பொட்டு அதற்குத்தான் என்று எனக்கு ஒரு பிடிவாதம். எஞ்சினின் முன்புறம் இரண்டு விரல் அகலத்தில் தட்டையான இடம் ஒன்று இருந்தது. துருவுக்கு அடியில் ஏதோ எழுத்தும் எண்ணும் தெரிந்தன. எவனோ ஒரு மெக்கானிக் கிறுக்கியதாக்கும் என்று நினைத்தேன். துருவின்மேல் சந்தனம் வைப்பதா? அரத்தை எடுத்து ராவு ராவென்று ராவினேன். பொட்டு நன்றாக ஒட்டியது. சிஞ்ஞோரா கைதட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த இடத்திலேயே பொட்டு வைத்தேன். போன வருடப் பூசை முடிந்து இரண்டு கிழமையில் காரைப் பார்க்க ஒருவர் வந்தார், பழைய அமெரிக்கக் கார்களை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர். சிஞ்ஞோராதான் அழைத்திருந்தார். கஷ்ட காலத்தில் தகப்பன் அசல் எஞ்சினைக் களவாக விற்றுவிட்டு வேறொன்றைப் பூட்டினார், சாகும்வரை அசல் என்றே பொய் சொன்னார் என்று மிலானில் இருக்கும் அவருடைய தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் அக்காவும் தம்பியும் கதைப்பதில்லை. தகப்பன் பொய்யர் இல்லை என்பதைத் தான் உயிரோடு இருக்கும்போதே நிரூபிக்கவேண்டும். சிஞ்ஞோராவுக்கு வேறு ஆசை இல்லை.

வந்தவர் எஞ்சினின் பின்புறம் டார்ச் அடித்து, வார்ப்பிலேயே பதிந்த எண்ணை வாசித்தார். இந்தக் காருக்குப் பொருந்தும், ஆனால் அதே எண் ஆயிரக்கணக்கான எஞ்சின்களில் இருக்கும் என்றார். இந்தக் காருக்கே உரிய எண் முன்புறம் குத்தப்பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே நான் சந்தனம் வைத்த இடத்தைத் துணியால் துடைத்தார். நகத்தால் தடவிப் பார்த்தார்.

"யாரோ ராவி எடுத்திருக்கிறார்கள். எஞ்சினை மாற்றியவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்."

பிறகு என்னைக் காட்டி, இவர் ஏதும் செய்திருப்பாரோ என்று கேட்டார்.

சிஞ்ஞோராவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவர் தூசி துடைக்கிறவர். இந்த வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறியதில்லை."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வேலை போனால் இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் ஓடியது. உண்மையைச் சொன்னால், அதெல்லாம் பிறகு நானே சோடித்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான். வந்தவர் துடைத்த துணியை வாங்கி மடித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். என் குரங்கோ இன்னொருவரின் தகப்பன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. செத்த மனுசனைக் கள்ளனாக்கிப்போட்டு நாங்கள் எப்பிடிச் சாமி கும்பிடுறது?"

"ஓம், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. அன்றிரவு சிஞ்ஞோரா தம்பிக்குப் போன் எடுத்து, நீ சொன்னதுதான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

நவம்பர் இரண்டு, இறந்தவர்களின் நாள். நான் வேலைக்கு வந்த நாள் தொட்டு, ஒவ்வொரு வருடமும் அன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு சிஞ்ஞோரா தகப்பனின் கல்லறைக்குப் போவார். அன்று அவருடைய குளிர்கோட்டை எடுத்து நீட்டினேன். வாங்காமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"இந்த வருடம் வேண்டாம். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனமில்லை."

போர்கோ வெக்கியோ சந்தையில் சாமந்தி வாங்கிக்கொண்டு நான் தனியாகப் போனேன். கல்லில் பதித்திருந்த படத்தின் முன் நின்று, அரம் பிடித்ததிலிருந்து வாய் மூடி நின்றதுவரை எல்லாவற்றையும் தமிழில் சொல்லி அழுதேன். திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா அதே சோபாவில் இருந்தார்.

"எங்கே போயிருந்தாய்?" என்றார்.

"மரக்கறி வாங்க" என்றேன்.