பாதி வீட்டுக் கணக்கு

வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், கம்பி வேலி போட்ட எங்கள் தோட்டத்து லயத்துக்கு மின்சாரம் இழுக்க ஒரு வயர்மேன் வந்தார். உயரமான ஆள். ஷாக் அடித்தால் கை ஒட்டிக்கொள்ளாமலிருக்க, எதையும் முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார்.

“எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல விளக்கு எரியாது. பாதி வீட்டுக்குத் தாங்குற கம்பி போதும் லா,” என்றார்.

“ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுறாங்க. அப்புறம் எல்லாரும் வீட்டுலதானே கிடக்கணும்? இருட்டுலயா உட்காருவோம்?” என்று கேட்டேன்.

“கணக்கு அப்படித்தான், அண்ணே.”

முதல் நாள் ராத்திரியே, எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டதும் பியூஸ் எரிந்தது. அதே கம்பியில் இருந்த வேலி விளக்குகளும் அணைந்தன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்காக நாங்கள்தான் அணைத்தோம் என்று பட்டாளத்தார் என் தம்பியை அடித்து லாரியில் ஏற்றினார்கள்.

மறுநாள் வயர்மேன் வந்தார். “பியூஸ் தானா எரிஞ்சதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றேன்.

“சொன்னா என் கணக்கு தப்புன்னு ஆயிடும் லா.”

எரிந்த பியூஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவருக்குக் கெட்டவன் முகமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.