கைப்பிடிக்கு அடியில் ஒரு நட்சத்திரம்

ஏலக்கடையில் அவளுக்குத் 'துப்பாக்கி அக்கா' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்து வருகிறவர்கள், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். பழைய துப்பாக்கிகளின் முத்திரைகளைப் படித்து வயது சொல்வது அவள் வேலை.

வேலையில் கஷ்டமில்லை. கூடவே வரும் கதைகள்தான் அவளைச் சாகடித்தன. துப்பாக்கி இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு வீராதிவீரத் தாத்தா இருப்பார். யாரோ ஒரு ராஜா தன் இடுப்பிலிருந்து உருவி அவருக்குக் கொடுத்திருப்பார். குழலைத் திருப்பினால், தாத்தா போய்ச்சேர்ந்த பிறகு வந்த முத்திரை இருக்கும், கதை பல்லிளித்துவிடும். எதிரில் இருப்பவரின் முகம் தொங்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஊரார் தாத்தாக்களைக் கொல்வதற்கா நான் பிறந்தேன் என்று தோன்றும்.

அப்பாவிடமும் ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பாக்கெட் பிஸ்டல். அப்பாவின் தாத்தா, புயலில் மூழ்கப்போன கப்பல் கேப்டனை இழுத்துக் கரைசேர்த்தாராம், கேப்டன் கொடுத்ததாம். அப்பா பக்கத்தில் சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது, அந்தத் தாத்தா மட்டும்தான். அந்தக் கதையில் மயங்கித்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். ஆனால் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கட்டுமா என்றால், அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

வயதுச் சான்று இல்லாத துப்பாக்கிகளைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இப்போது உத்தரவு வந்தது. அப்பா தூங்கும் நேரம் பார்த்து, தம்பி அதைத் துண்டில் சுற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டான். சான்றில் தாத்தாவின் வீரத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னான்.

அவள் குழலைக் கழற்றினாள். சக்கிமுக்கிக் கல் வகை இல்லை, அதற்குப் பிறகு வந்த, 'கேப்' என்கிற சின்ன வெடிமூடி வைத்துச் சுடுகிற வகை. குழலின் அடியில் கிரீடமும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்த முத்திரை. நூற்றெழுபது வருடமாவது இருக்கும், அசல் சரக்கு. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

அதோடு விட்டிருக்கலாம். கைப்பழக்கம், கைப்பிடி மரத்தையும் கழற்றினாள். உள்ளே கடுகளவு நட்சத்திரம் ஒன்று குத்தியிருந்தது.

வேறு பொருளை எடுத்துவந்து, நீங்கள் விற்றது இதுதான் என்று சண்டை போடுகிறவர்களுக்காக இந்த ஏலக்கடை குத்துகிற அடையாளம் அது. இப்போதைய முதலாளி காலத்தில் பிறை. நட்சத்திரம் அவருடைய அப்பா காலத்தது. அப்போது அவளுடைய அப்பா கல்யாணமான இளைஞர். அப்பாவின் தாத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை அப்பா இதே கடையில் வாங்கியிருக்கிறார்.

மரத்தைப் பழையபடி பூட்டினாள். வயதை மட்டும் எழுதிக் கொடுத்து, கதையெல்லாம் சான்றில் எழுதுகிற வழக்கமில்லை என்று தம்பியை அனுப்பிவைத்தாள். பிஸ்டலைத் தானே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா, பிஸ்டல் இருந்த காலி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கைப்பிடியைக் கழட்டினியா?"

அவள் பிஸ்டலைத் துண்டில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"நான் அனாதை விடுதியில வளர்ந்தவன்மா. உங்கம்மா வீட்டுல சுவர் பூரா தாத்தாக்கள் போட்டோ. நீ பிறந்தப்போ, உனக்கும் என் பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்னு நினைச்சேன்." அவர் மூச்சு வாங்கினார். "நீ போயும் போயும் அந்தக் கடையிலயே வேலைக்குச் சேர்ந்தே. தினம் சாயந்தரம் நீ வந்து செருப்பைக் கழட்டுற வரைக்கும், இன்னைக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு எனக்குப் பயம்."

இத்தனை வருடப் பயத்தை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. வலிக்கிற முட்டியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்டலை அவர் மடியில் வைத்தாள்.

"தாத்தாவுக்கு நீச்சல் தெரியுமாப்பா?"

அப்பா பிஸ்டலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நல்லாத் தெரியும்" என்றார்.