மரியாதைக்குச் சொல்லும் வேண்டாம்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய், சாயா வேண்டாம் என்று சொன்னால் சாயா வரும். இரண்டாம் முறையும் வேண்டாம் என்றால் கூடவே பழம்பொரியும் வரும். கேட்டவுடனே சரி என்று சொல்கிறவரைப் பற்றித்தான் பிறகு பேச்சு வரும். வேண்டாம் என்பது இங்கே நல்ல வளர்ப்பின் அடையாளம். அதை மறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஐம்பது வயது வரை இதே ஊரில் வாழ்ந்துவிட்டு, இதைப் புரிந்துகொள்ள நெய்யாற்றின்கரையில் ஒரு மாடி அறைக்குக் காசு கொடுத்துப் போகவேண்டியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நான் கேரள எல்லைக்குள் இருக்கும் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அதோடு, குளத்தூர்ப் பக்கத்தில் எங்கள் வாயனசாலைக்குச் செயலாளர். தமிழ் புத்தகமும் மலையாளப் புத்தகமும் கலந்து அடுக்கிய, இரண்டு அறை உள்ள படிப்பகம் அது. ஒவ்வொரு வருடமும் ஓணம் கழிந்து பொதுயோகம் கூடும். ஒருவர் எழுந்து, டீச்சரே இருக்கட்டும் என்பார். இன்னொருவர் அதை ஆமோதிப்பார். கைதட்டுவார்கள். நான், வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் புதிய செயலாளரின் பெயர் மினிட்ஸில் ஏறிவிடும். எழுதுகிறவளும் நான்தான், செயலாளர் என்பதால்.

ஒரு வேலை ஒருவரிடம் சேர்ந்தால் மற்ற வேலைகள் வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுகின்றன. எது எந்த வருடம், எந்த மாதம் நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் யாருடைய அப்பா எந்த நட்சத்திரத்தில் இறந்தார் என்பதிலிருந்து, பாலம் எப்போது வந்தது என்பது வரை என்னிடம்தான் கேட்பார்கள். கோயில் விழா மலருக்குத் தலவரலாறு நான் எழுதினேன். சர்ச் ஜூபிலி மலருக்கு இடவகை என்கிற பங்கின் வரலாறும் நான்தான். தமிழில் வந்த மனுவை மலையாளத்தில் மாற்றுவதும் நான். பள்ளியில், பக்கத்து மேசைக்காரரின் மதிப்பெண் பட்டியலையும் நான்தான் முடிப்பேன். அவருக்குக் கண் வலி என்று ஒருமுறை சொன்னார். கண் வலி தீர்ந்துவிட்டது, பட்டியல் என்னிடமே தங்கிவிட்டது.

இப்படி ஊருக்கெல்லாம் காலக்கணக்கு சொல்கிறவளுக்குத் தன் நெஞ்சு எப்போது படபடக்கத் தொடங்கியது என்று தெரியவில்லை. வைகாசி என்று டாக்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது தவறு என்று தெரிந்தது. பங்குனியில் விடைத்தாள் திருத்தும்போதே போன் அடித்தால் வயிறு இழுத்துப் பிடித்தது. அதைவிட முன்பே புத்தகம் படிப்பது நின்றிருந்தது. நிறுத்தவேண்டும் என்று நிறுத்தவில்லை. பக்கத்தைத் திறப்பேன், வரி கண்ணில் படும், உள்ளே போகாது. திரும்ப அதே வரியைப் படிப்பேன். ஒரு வாயனசாலையின் செயலாளருக்கு வாசிக்க முடியாமல் போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ரிப்போர்ட் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அமரவிளையில் மூச்சு நின்றுவிடும் போல ஆகி இறங்கினேன். நல்லவேளையாக என் கணவரின் டயர் கடை அங்கேதான். டயர்களின் மேலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்தார். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். நான் ஏமாந்துபோனேன். இதயத்தில் சின்னதாக ஏதாவது இருந்திருந்தால் எல்லோரிடமும் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனநல ஆலோசகர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அவர் என் முதல் மாணவிகளைவிட வயதில் சின்னவர். வடக்கே கோழிக்கோட்டுப் பக்கம். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அறை. மலையாளத்தில்தான் பேசினோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். முதல் வாரங்கள் எனக்குப் பிடிக்கவேயில்லை. போன் அடிக்கும்போது உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று கேட்பார். இதைப் பற்றியெல்லாம் நான் படித்திருக்கிறேன் என்பேன். படித்தது சரி, எங்கே தெரிகிறது என்று திரும்பக் கேட்பார். வயிறு என்று சொல்வதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

நல்ல மாணவி போல நடந்துகொண்டேன். நேந்திரங்காய் வறுத்த உப்பேரி பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தேன். வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சொல்லி, என் பேச்சை நானே சுருக்கி எழுந்தேன். ஒருநாள் அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"நேரம் இன்னும் இருக்கிறது. அது உங்களுடையது. எனக்குச் சிரமம் வராமல் பார்த்துக்கொள்ளவா இங்கே வருகிறீர்கள்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு பயிற்சி கொடுத்தார். அந்த வாரம் யாராவது எதையாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுக்கவேண்டும். பிறகு, ஒரு சின்ன விஷயத்துக்காவது முடியாது என்று சொல்லிப் பார்க்கவேண்டும். சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் அண்ணனின் பணிநிறைவு விழாவுக்கு வாழ்த்துரை எழுதித் தரக் கேட்டார். மூச்சு எடுத்து, முடியாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். மாலையில் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு திரும்பி வந்தார். டீச்சர் சும்மா சொல்லுதிய, எனக்குத் தெரியாதா என்றார். வாழ்த்துரையை எழுதிக் கொடுத்தேன். வழக்கத்தைவிட நன்றாகவே வந்திருந்தது.

அடுத்த வாரம் மாடிப்படி ஏறும்போதே எனக்குக் கோபம். இந்தப் பயிற்சியெல்லாம் வேறு ஏதோ ஊரில் இருக்கிறவர்களுக்கு உண்டாக்கியது என்று சொன்னேன். இங்கே முடியாது என்றால் ஆமாம் என்று அர்த்தம், கொஞ்சம் நிர்ப்பந்தியுங்கள் என்று அர்த்தம். நீங்கள் கொடுத்த வார்த்தை இந்த ஊரில் செல்லாது. குரல் உயர்ந்துவிட்டது. கீழே மருந்துக்கடையில் கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. உங்கள் ஊரில் ஒருவர் நிஜமாகவே வேண்டாம் என்றால் என்ன செய்வார் என்று கேட்டார்.

சண்டை போடுவார் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவார். பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டார்.

"அப்படியென்றால் இரண்டு வேண்டாம் இருக்கிறது. ஒன்று மரியாதைக்கு, ஒன்று பகைக்கு. உங்களுக்கு எது வேண்டும்?"

இரண்டும் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அறையில் நான் உபசாரத்துக்கு இல்லாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு பல வாரம் அதிலேயே போனது. மரியாதைக்குச் சொல்லும் வேண்டாமில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம். ஒரு சிரிப்பு இருக்கிறது. ஒரு காரணம் இருக்கிறது. வேறு யாரையாவது பாருங்கள் என்ற ஒரு வால் இருக்கிறது. காரணம் சொன்னால் எதிரே இருப்பவர் அந்தக் காரணத்தைத் தீர்த்துவைப்பார். நேரமில்லை என்றால் ஆள் அனுப்புவார், உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இருந்து எழுதுங்கள் என்பார். ஆகவே காரணம் கூடாது. சிரிப்பும் கூடாது. எழுந்து போகவும் கூடாது, அது பகையாகிவிடும். அவர் கேட்பவராக இருந்தார், நான் சொல்லிப் பார்த்தேன். என் முகம் தானாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நிறுத்துவதற்குள் ஆடி மாதம் முடிந்துவிட்டது. இத்தனை படித்து, இத்தனை எழுதி, கடைசியில் நான்கெழுத்துச் சொல்லை முகம் அசையாமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சொன்ன பிறகு குற்ற உணர்வு வரும் என்றும் சொன்னார். வரட்டும், அதைத் தீர்க்க எதுவும் செய்யவேண்டாம், அது வந்ததாலேயே நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்று ஆகாது. பொதுயோகத்தில் செயலாளர் பதவியை விடவில்லை என்றால் இன்னொரு வருடம் இப்படியே போகும் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு வருடத்துக்கு என்னிடம் மூச்சு இல்லை என்பதும் தெரியும்.

பொதுயோகம் புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். வரவுசெலவு வாசித்து முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்தது செக்ரட்டரி. அதில பேச ஒண்ணும் இல்லியே. டீச்சரே இருக்கட்டு."

பலசரக்குக் கடைக்காரர் ஆமோதித்தார். கைதட்டினார்கள். கைதட்டுவதற்கு முன்பே சொல்லவேண்டும் என்று இருந்தேன், பிந்திவிட்டது.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"ஒண்ணாச்சு" என்றார் கடைக்காரர், ஒரு விரலை மடக்கி. "இனி ரெண்டு உண்டு."

மரியாதைக்குச் சொல்லும் வேண்டாமுக்கு இங்கே மூன்று என்று கணக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பவும் சொன்னேன். அவர் இரண்டாம் விரலை மடக்கினார். மூன்றாம் முறை சொன்னபோது, கணக்கு சரியாச்சு, இனி எழுதுங்க டீச்சரே என்றார். அவர் கேலி செய்யவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் மரியாதைக்குச் சொல்லேல்ல. இந்த வருசம் செக்ரட்டரி நான் இல்ல."

நான்காம் முறைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பின் வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆராவது வல்லதும் சொன்னாங்களா டீச்சரே?" யாராவது ஏதாவது சொல்லி என் மனம் நொந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

"இல்ல."

"ஒடம்புக்கு வல்லதும்?"

ஈசிஜி நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"இல்ல."

"பின்ன எதுக்காக்கும்?"

"வேண்டாம். அவ்வளவுதான்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "நெய்யாற்றின்கரைல போயி காசு குடுத்துப் படிச்சிட்டு வந்ததாக்கும் இது."

ஆக, நான் மாடி ஏறுவது ஊருக்குத் தெரியும். எழுந்து வெளியே போய்விடக் கால் துடித்தது. போகவில்லை. வயிறு இழுக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் தேர்வு ஒத்திவைக்கப்பட்டது என்று மினிட்ஸில் எழுதினேன். கூட்டம் முடியும் வரை எழுதவேண்டியவள் நான்தானே. சாவியைத் தலைவரின் முன்னால் வைத்தேன். சாயா வந்தது. எல்லோரோடும் உட்கார்ந்து குடித்தேன், அதற்கு ருசியே இல்லை.

வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. கடைக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். சர்க்கரையை நிறுத்துக் கொடுத்து மீதியை மேசையில் வைப்பார். என் கணவர் ஒருநாள் கடையிலிருந்து வந்து சொன்னார்.

"எனக்க கடைல வந்து கேக்காவ, வீட்டில வல்ல பிரச்சினையும் உண்டான்னு. டயர் மாத்த வந்தவனும் கேக்கான்."

என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன்.

"டயருக்கான காச மட்டும் வாங்கினேன்" என்றார்.

மாடி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், அன்றைக்குத் தூக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், தூங்கியிருந்தேன். சாவியைக் கொடுத்த நாளிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தேன், ஊர் முழுவதும் என்மேல் வருத்தத்தில் இருக்க.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. பள்ளிக்குப் போகும் வழியில் வாயனசாலைப் படியில் பத்திரிகைகள் நனைந்து குவிந்து கிடந்தன. குனிந்து எடுக்கக் கை போனது. எடுத்தால் உலர்த்தவேண்டும், உலர்த்தினால் அடுக்கவேண்டும், அடுக்கச் சாவி வேண்டும். நடந்தேன். ஊரில் இத்தனை ஆள் இருக்க, ஒருவருக்குக்கூட நனைகிற பத்திரிகை கண்ணில் படாதா என்று பள்ளி வரை திட்டிக்கொண்டே நடந்தேன்.

அந்த வாரக் கடைசியில் தலைவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், ஒரு மாசத்துக்கு மட்டும் என்று தொடங்கினார். வேண்டாம் என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. புத்தகம் எடுக்க வந்தேன் என்றேன். உறுப்பினராக.

பதிவேட்டைத் தேடினார். இரண்டாவது அலமாரியில், கீழ்த்தட்டில், அகராதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் முதல் அலமாரியைத் திறந்தார். மேசை இழுப்பறையைக் கவிழ்த்தார். தூசியில் தும்மினார். நான் பேசாமல் நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். கடைசியில் அவரே கண்டுபிடித்து, தலைகீழாகத் திறந்து, பிறகு நேராக்கி, என் பெயரைத் தவறான பத்தியில் எழுதினார்.

"இனி எல்லாம் நாங்கதான் படிக்கணும், இல்லியா டீச்சரே" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, குத்தலும் இருந்தது. ஆமாம் என்றேன்.

அன்று மாலை அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படித்தேன். வரிகள் உள்ளே போயின, மெதுவாக. நடுவில் இரண்டு முறை போன் அடித்தது. ஒன்றை எடுத்தேன்.