பிளீச்சிங் பவுடர் வாசனை

மழை விட்டு ஒரு வாரமாகியும் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குச் சாக்கடை. கோவிலம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி ஃப்ளாட் விற்பவர்கள் பால்கனியிலிருந்து ஏரி தெரியும் என்றுதான் சொல்வார்கள். ஏரியே வீட்டைப் பார்க்க வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பிளீச்சிங் பவுடராவது போடுங்கள் என்று பஞ்சாயத்து ஆபீஸில் போனில் கெஞ்சிக் கெஞ்சி எங்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

அதனால் அன்று காலை அந்த வாசனை வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே, ஒருவழியா போட்டுட்டாங்க," என்றார் என் கணவர். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். தரைத்தளத்து அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். தனியாக இருப்பவர், வீசிங் தொந்தரவு உள்ளவர். சாக்கடை நாற்றத்துக்குப் பயந்து ஒரு வாரமாக ஜன்னலைத் திறக்கவே இல்லை. "எல்லா ஜன்னலையும் திறந்து விட்டுட்டேன்மா. இப்பதான் வீடு வீடா இருக்கு," என்றார்.

பாலை இறக்கி வைப்பதற்குள் எனக்குக் கண் எரிந்தது. மிளகாய் வறுத்த நெடி போலத் தொண்டையைப் பிடித்தது. பால்கனிக்கு ஓடினேன். வெள்ளத்துக்குப் பிறகு ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்ய யாரோ ஒப்பந்தக்காரர் ஓர் இரும்பு மிதவையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதன் மேல் இருந்த குளோரின் சிலிண்டரிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகப் புகை வழிந்துகொண்டிருந்தது. அது மேலே எழும்பவே இல்லை. தண்ணீரோடு தவழ்ந்து, கரையேறி, எங்கள் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பவுடர் யாரும் போடவில்லை!

கணவர் கார் சாவியைத் தேடினார். அவருக்கு எந்த ஆபத்து வந்தாலும் முதலில் காரைக் காப்பாற்ற வேண்டும். வெளியே வந்தால் படிக்கட்டு முழுக்க ஜனம், எல்லாரும் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் யாரோ தகவல் சொல்லி தீயணைப்பு வண்டி வந்திருந்தது. மைக்கில் ஒருவர் கத்தினார்: "யாரும் எறங்காதீங்க! கேஸு தரையிலதான் நிக்குது! அல்லாரும் மொட்டமாடிக்குப் போங்க!"

தரையிலா? அங்கேதானே அக்கா இருக்கிறார், அத்தனை ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு!

போன் போட்டேன். நெடுநேரம் மணியடித்தது. எடுத்தார், ஆனால் பேச்சு இல்லை, இருமல்தான். பிறகு போன் கீழே விழுந்த சத்தம். ஈரத் துண்டோடு இறங்கப் போன கணவரின் சட்டையை நான் பிடித்து இழுத்ததில் பட்டன்கள் தெறித்தன. படிக்கட்டு ஜன்னலிலிருந்து தீயணைப்புக்காரர்களைப் பார்த்து, "கீழ் வீட்டுல ஒருத்தர் இருக்காங்க! தனியா இருக்காங்க!" என்று அலறினேன். முகமூடி போட்ட ஒருவர் உள்ளே ஓடினார்.

அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் எல்லாரும் ஏறி நின்ற மொட்டை மாடிக்கு அவர் வந்தபோது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. அக்கா கண் திறந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பிழைத்து வந்தவரைத் திட்டினேன்.

"மூச்சு முட்டினப்பவே வெளிய வந்திருக்கக் கூடாதாக்கா? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

அக்கா மாஸ்க்கை லேசாக விலக்கினார்.

"முட்டுச்சுதான்மா. மருந்தைக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டிருக்காங்க, நல்லதுக்குத்தானேன்னு பொறுத்துக்கிட்டேன்."