சொந்தப் பேரு வேண்டாம்

“பிடிச்ச பேரா ஒண்ணு சொல்லுங்கக்கா. உங்க சொந்தப் பேரு மட்டும் வேண்டாம்.”

ஜோசலின் யாரிடம் பேசினாலும் பேச்சு இந்த இடத்தில் வந்துதான் முடியும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில், ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே, துப்பட்டாவை மடியில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இரண்டு குடைகள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று இரவல் கொடுக்க. “திருப்பித் தர வருவாங்கல்லடி, அப்ப விட்ட இடத்துலேருந்து பேசலாம்” என்பாள் என்னிடம். இந்த ராஜதந்திரத்தில் அவள் இழந்த குடைகளை வைத்து அஸ்தினாபுரத்தில் ஒரு கடையே போட்டிருக்கலாம்.

மானிடவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததை வைத்து அவர்களுக்கு ஏதாவது நல்லது நடக்குமா என்று தேடுவது, அவ்வளவுதான் விஷயம். சர்ச் வாசலில் சந்திக்கும் ஆன்ட்டிகளுக்கு இது இன்னும் பிடிபடவில்லை; புதைபொருள் ஆராய்ச்சி என்றே நினைக்கிறார்கள். “இன்னும் தோண்டிக்கிட்டுதான் இருக்கியாம்மா? ஏதாவது கெடச்சுதா?” என்று ஒருவர் வாராவாரம் விசாரிப்பார். “இல்ல ஆன்ட்டி, ரொம்ப ஆழத்துல இருக்கு” என்று முகம் மாறாமல் பதில் சொல்வாள் ஜோசலின். பக்கத்தில் நிற்கும் அவள் அம்மா ஹில்டா பெருமூச்சு விடுவார்.

எம்.ஏ.வில் நானும் அவளும் ஒரே வகுப்பு. எங்களுக்குப் பாடம் எடுத்த பத்ரிநாராயணன் சார் ஒருநாள் எங்களைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சாயங்காலம்வரை பார்த்ததை எழுதி வரச் சொன்னார். நான் நகரமயமாதலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதித் தள்ளினேன். ஜோசலின் எழுதியது ஒரு பூக்காரம்மாவைப் பற்றி. மழை பிடித்ததும் தன் தலையை நனையவிட்டு அந்தம்மா பூக்கூடைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டதைப் பற்றி. சார் என்னுடையதை மடித்து வைத்துவிட்டு அவளுடையதை வகுப்பில் வாசித்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அன்று மாலை ஸ்டேஷன் பாலத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டு, ஊர் ஊராகப் போய் ஃபீல்டு ஒர்க் பண்ணப்போவதாக இருவரும் அளந்தோம். கீழே ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. அதே பாலத்தை இப்போதும் கடக்கிறேன், மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். வேலைக்காக. வகுப்பில் ஒருத்தன் செல்போன் கம்பெனிக்காக மக்கள் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆராய்கிறான். இன்னொருத்தி வங்கித் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறாள். பாலத்தில் பேசியதை மறக்காதவள் ஜோசலின் மட்டும்தான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் திரும்ப வராதா என்று ஏக்கமாக இருக்கிறது.

போன வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அவளை ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்கு அனுப்பியது. அங்கே குளிர்ந்த தண்ணீர் மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். தையல் பெண்கள் அதன் பக்கமே போகவில்லை. வெயில் காலத்தில் மயங்கி விழுந்தார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே கேட்டபோது எல்லாரும் “தாகமில்ல மேடம்” என்றார்கள். ஸ்டேஷன் படிக்கட்டில், இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர வந்த கனகவல்லிதான் உண்மையைச் சொன்னாள். கனகவல்லி என்பது நான் வைத்த பேர். நிஜப் பேரை எழுதினால் ஜோசலின் என் முகத்தில் முழிக்கமாட்டாள்.

“தண்ணி குட்சா பாத்ரூம் போவணும். போனா சூப்பர்வைசரு வாட்ச்ச பாத்துகினு நிப்பாரு. திரும்பி வந்தா எல்லார் எதிர்லயும் கேப்பாரு. அதுக்கு நாக்கு வறண்டாலும் பரவால்லனு கீறோம்.”

சொன்னது யார் என்று தெரிந்தால் அவள் வேலை போய்விடும். இதற்காகத்தான் மாற்றுப் பேர். மற்ற ஆய்வாளர்கள் தாங்களே ஒன்றை வைத்துவிடுவார்கள். ஜோசலின் கேட்டு வாங்குவாள். கேட்டால் வருவதெல்லாம் பழைய பேர்கள். ஒருத்தி தன் மூன்றாம் வகுப்பு டீச்சரின் பேரைக் கேட்டாள். இன்னொருத்தி, தினமும் எதிர் சீட்டில் வந்து, கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரி பக்கம் போய், போன் நம்பரும் தொலைந்துபோன ரயில் சிநேகிதியின் பேரைக் கேட்டாள். கேன்டீன் மாஸ்டர் தன்னோடு கோலி ஆடியவனின் பேரைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

கனகவல்லி மட்டும் முரண்டு பிடித்தாள். “பேசுனது நானு. என் பேரப் போட்டா இன்னா?” ஜோசலின் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, “அப்போ ஜோசலின்னு போடு” என்றாள்.

“அது என் பேருக்கா.”

“தெரிஞ்சிதான் கேக்குறேன். பன்னெண்டாவது முட்ச்சிட்டு காலேஜுக்கு அப்ளிகேசன்லாம் வாங்கி வச்சிருந்தேன். வூட்ல வுடல. காலேஜு போறவ பேரு ஒருதபா எனக்கும் இருந்துட்டுப் போவட்டுமே.”

குழப்பம் வரும், மாற்று என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். “கேட்ட பேரை எல்லாருக்கும் குடுத்துட்டு இவங்களுக்கு மட்டும் எப்படிடி இல்லேன்னு சொல்றது?” என்று என்னிடம் புலம்பினாளே தவிர, மாற்றவில்லை.

அறிக்கையைக் கம்பெனி ஹாலில் படித்துக் காட்டிய அன்று, புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். முன்வரிசையில் மேலாளர் ஜெயகிருஷ்ணனும் அதிகாரிகளும். கடைசி வரிசைகளில் தையல் பெண்கள், அவர்களில் கனகவல்லி. அறிக்கையின் அட்டையில் தொண்டு நிறுவனத்தின் பெயர் மட்டும்தான். ஜோசலினை அங்கே எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார்கள்; அதிகாரிகளுக்கு அவள் பேர் தெரியாது.

தண்ணீரைப் பற்றி ‘ஜோசலின்’ சொன்ன பக்கம் வந்ததும் ஜெயகிருஷ்ணன் நிறுத்தச் சொன்னார். “பேரை மாத்தியிருக்கீங்கனு தெரியும் மேடம். ஆள் யாருன்னு சொல்லிட்டா நாங்களே கூப்பிட்டுப் பேசிக்கிறோம்.” குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் நாற்காலியைத் திருப்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். “யாரும்மா இங்க இந்த ஜோசலின்?”

கனகவல்லி முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். அவள் எழுந்திருக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“நான்தான் சார்.”

மேடையிலிருந்து வந்தது குரல். ஜோசலின், வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிற பிள்ளை மாதிரி, வலது கையை நேராகத் தூக்கியிருந்தாள். ஜெயகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை; கண் பின்வரிசையிலேயே இருந்தது. கனகவல்லி மெல்லத் திரும்பச் சாய்ந்து உட்காரும்வரை அந்தக் கையை அவள் இறக்கவில்லை.