சென்ட் லோரன்ட் வீதியில் வசந்தியோடு ஒரு சல்சா இரவு

மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் என் மனைவி வசந்தி பதினாறு வருடம் இரவு வேலை செய்தாள். போன ஆனியில்தான் பகலுக்கு மாற்றினார்கள். முதல் வெள்ளிக்கிழமை பின்னேரமே கேட்டுவிட்டாள்: "இந்த ஊரில ஆக்கள் இரவில என்னதான் செய்யினம்? போய்ப் பாப்பம்." மொன்றியலில் இத்தனை காலம் இருந்துவிட்டு நாங்கள் உல்லாசப் பயணிகளானது இப்படித்தான்.

நாங்கள் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் வந்து, கோட்-வெர்த்து மெற்றோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட நிறுத்தினோம். நகரத்துக்குள் பார்க்கிங் தேடி அலையாதீர்கள். மாலை ஆறிலிருந்து விடியும்வரை எத்தனை தடவையும் ஏறி இறங்க ஒரு பாஸ் இருக்கிறது. ஆளுக்கு ஏறத்தாழ ஆறு டொலர். ஏழு மணி போலப் பழைய மொன்றியலில் இறங்கினோம். கல் பதித்த தெருக்கள், துறைமுகக் காற்று, மூலைக்கு மூலை வயலின். இரண்டு கோப்பி பதினாலு டொலர். அழகுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் போல.

அங்கிருந்து சீனக் கடைகளைக் கடந்து சென்ட் லோரன்ட் வீதியில் வடக்கே அரை மணி நேரம் நடந்தோம். உண்மையான கூட்டம் இங்கேதான். ஒரு மாடிப்படி வாசலில் வசந்தி நின்றுவிட்டாள். ஒன்பது மணிக்கு சல்சா வகுப்பு, பிறகு நடனம், நுழைவு பத்து டொலர் என்று பலகையில் எழுதியிருந்தது.

"உள்ள போவமே?"

"உனக்கென்ன விசரே? இந்த வயசில! தெரிஞ்ச சனம் ஆரும் கண்டால்?"

"அப்ப நீங்கள் இதில நில்லுங்கோ. நான் போறன்."

போயேவிட்டாள். வாசல் காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. எதிர்ப்பக்க ஜன்னல்களில் ஆட்கள் சோடி சோடியாக இருந்து சாப்பிட்டார்கள். பதினாறு வருடமாக இதே நேரத்தில்தான் அவளை வேலைத்தல வாசலில் இறக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அவளை ஒரு நாளாவது இப்படி எங்கேயும் கூட்டிவந்தேனா என்று யோசித்தேன். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. படியேறினேன்.

சுரிதாரும் சப்பாத்துமாக இரண்டாம் வரிசையில் நின்றாள். ஆசிரியை பிரெஞ்சில் எண்ண, இவள் பிழையாகக் கால் வைத்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கண்டு நெடுநாள்.

"வந்திட்டீங்களே? இடது கால் முதல்."

வைத்தேன், அவளுடைய பாதத்தின் மேல்.

"ஐயோ மெல்ல! திங்கள் நான் வேலைக்குப் போகவேணும்."

பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்தோம். வீதி இன்னும் நிறைந்து கிடந்தது. "இந்த நேரம் நான் தட்டு அடுக்கிக்கொண்டு நிப்பன்," என்றாள். "வெளியில இவ்வளவு வெளிச்சமெண்டு தெரியாது." அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மெற்றோவுக்கு நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: கடைசி மெற்றோ ஏறத்தாழ நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு, சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் பிந்தும். தவறவிட்டால் இரவு பஸ் உண்டு. மதுக்கூடங்கள் மூன்று மணிவரை திறந்திருக்கும். குடிக்காவிட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அடையாள அட்டை கொண்டுபோங்கள், வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். துணையோடு போனால் இருவருமாகவே உள்ளே போங்கள். நான் வாசலில் நின்று தொலைத்தது ஆறு பாட்டு.