ஐந்தரைக்கு உறை போடுகிறவர்

எங்கள் பெங்களூர் அலுவலகத்தில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். படிய வாரிய எண்ணெய்த் தலை, சட்டைப் பையில் ஒரு சீப்பு. மணி ஐந்தரை ஆனால் டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிடுவார். ஒருநாள் பதினான்கு எழுத்துள்ள ஒரு சொல்லில் ஒன்பதை அடித்துவிட்டு எழுந்தார். மீதி ஐந்தும் மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்தன.

"அரை நிமிஷ வேலைதானேய்யா?" என்றேன்.

"நாளைக்கும் அது அரை நிமிஷம்தான் சார். ஜோகுபாளையம் பஸ் அப்படி நிக்காது. நீங்க டெய்லி எட்டு மணி வரைக்கும் உக்காந்துனு இருக்கீங்களே, யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா?"

இருபத்தேழு வருடங்களாக யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஐந்தே முக்காலுக்குப் பாராட்டு விழா. ஐந்து இருபதுக்கு அவர் என் மேசைக்கு வந்தார்.

"அஞ்சரைக்குக் கெளம்பிடுவேன் சார், அதான் இப்பவே சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா உங்க லெட்டர் அடிக்கிறேன். தப்பா எழுதிக் குடுத்து ஒண்ணைக்கூட ரெண்டாவது வாட்டி அடிக்க வெச்சதில்ல நீங்க. வரேன் சார்."

உறையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

விழாவில் மேலாளர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். இருபத்தொன்று, வரப்போகும் கம்ப்யூட்டரைப் பற்றி. மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் என் உழைப்பைப் புகழ்ந்தார். அதற்குள் என் பெயரை இரண்டு முறை தவறாகச் சொல்லவும் அவருக்கு நேரம் இருந்தது. எல்லோரும் போன பிறகு, எட்டு மணிக்கு, வழக்கம்போல் நான்தான் பதினாறு விளக்குகளையும் அணைத்தேன்.

மேலாளர் பேசிய நிமிடங்களை எண்ணிய எனக்கு, டைப்பிஸ்ட் சொன்னதில் எத்தனை சொற்கள் என்று மட்டும் எண்ணத் தோன்றவில்லை.